துண்டுக்கடியில் பொய் கிடையாது

நான் மூன்றாம் வகுப்பு வரை படித்தவன். அதிலும் பாதிதான். மீதியையும் படித்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்பதை என் பக்கத்து வீட்டில் தினமும் பார்க்கிறேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு, காலையில் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் கைவீசி நடந்துகொண்டு, பக்கத்தில் நடப்பவனிடம் கேள்வி கேட்டுக்கொண்டு இருந்திருப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரர் காலேஜில் முப்பது வருஷம் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர். மேலுகோட்டை வழி வந்த ஐயங்கார் குடும்பம். வாத்தியாரை இந்த ஊரில் மேஷ்ட்ரு என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். நல்ல மனுஷர். ஆனால் கத்தரிக்காயைவிடப் பெரிய எதையும் வாழ்நாளில் பேரம் பேசி வாங்கியதில்லை. அப்படிப்பட்டவர் உண்மை, பொய் என்று எனக்கே பாடம் நடத்த வந்தார்.

நான் மாட்டுத் தரகன். பதினேழு வயதில் மார்டள்ளியிலிருந்து அடுத்தவனுடைய இரண்டு காளைகளை ஓட்டிக்கொண்டு, கொள்ளேகால் வழியாக நடந்தே மைசூருக்கு வந்தேன். காலில் செருப்பு இல்லை. இன்று எனக்கு மூன்று மாடி வீடு. கீழே மருந்துக்கடையும் பேக்கரியும் வாடகைக்கு இருக்கின்றன. மேஷ்ட்ருவின் ஓட்டு வீட்டில் மழைக்காலத்தில் ஒழுகுகிற தண்ணீர் என் சுவரில் இறங்குகிறது. தர்க்கத்தில் அதற்கு வழி இல்லை போலிருக்கிறது.

ஒருநாள் ஏரிக்கரையில் மேஷ்ட்ரு கேட்டார்.

"ஏன் சுவாமி, தரகர்கள் எல்லாரும் எப்பவும் பொய்தான் சொல்வான்னு ஒரு தரகரே சொன்னா, அது நிஜமா, பொய்யா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார். நிஜம் என்றால் சொன்னவனும் தரகன், அவன் சொன்னதும் பொய்யாகிவிடும். நான் அந்த முடிச்சில் மாட்டி முழிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"பொய்யிங்க" என்றேன்.

"எப்படிச் சொல்றேள்?"

"உண்மை பேசற தரகன் எவனோ ஒருத்தன் எங்கியோ இருக்கறான். இதைச் சொன்னவன் புளுகன். அவ்வளவுதானுங்களே. இதுல முடிச்சு எங்க இருக்குது?"

மேஷ்ட்ரு நடையை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த ஒரு அம்மாள் அவர்மேல் மோதிக்கொள்ளப் பார்த்தாள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இதை முடிச்சு என்று சொல்லிக் கொடுத்தாராம். "சரிதான், சரிதான், இது பலமான முடிச்சு இல்லை" என்று முனகிக்கொண்டு, அடுத்ததை எடுத்தார்.

"அப்போ இது? 'நான் இப்போ சொல்ற இந்தப் பேச்சு பொய்.' இதிலே எவனும் எங்கேயும் ஓட முடியாது. நிஜம்னா பொய். பொய்னா நிஜம்."

"மாடு எங்கீங்க மேஷ்ட்ரே?"

"எந்த மாடு?"

"துண்டை விரிச்சுட்டீங்க. உள்ள கையையும் விட்டுட்டீங்க. எந்த மாட்டுக்கு விலை பேசறோம்? மாட்டையே கொண்டு வராம விலை சரியா தப்பான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லட்டும்?"

அவருக்குப் புரியவில்லை. சந்தையைப் பார்க்காதவருக்கு எப்படிப் புரியும்? ஏரிக்கரைப் பெஞ்சில் உட்காரவைத்து, என் தோள் துண்டை எடுத்து அவர் கைமேலும் என் கைமேலும் போட்டேன். எங்கள் தொழிலில் விலையை வாயால் பேச மாட்டோம். துண்டுக்கடியில் ஒருவன் விரலை இன்னொருவன் பிடிப்பான். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, நாலு விரல் பிடித்தால் நாலு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. அதற்கு மேலே என்றால் அமுக்கிவிட்டு மறுபடி பிடிப்பான். மூடிய கையைக் கொடுத்தால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். இது உள்ளே நடக்கிற போது வாய் வேறு எதையோ கத்திக்கொண்டிருக்கும். "இந்தக் காளையை ஏர்ல கட்டினா ஏரு உடையும்", "போய்யா, உன் காளைக்கு எந்திரிச்சு நிக்கவே ரெண்டு ஆளு வேணும்". சுற்றி நிற்கிறவர்களுக்காக வாய் பேசும். அது பொய் என்று சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும், மாட்டுக்கும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை.

"விரல் மட்டும் பொய் சொல்லாதா, சுவாமி?" என்றார்.

"சொல்லலாமுங்க. ஒரே ஒருக்கா. அதுக்கப்புறம் அந்தக் கையை எவனும் தொட மாட்டான். அதோட போகாது. முன்னாடி அவன் புடிச்ச விரலையெல்லாம் ஊர்ல இருக்கறவன் அத்தனை பேரும் திருப்பி நெனைச்சுப் பார்ப்பான். ஆனா ஒண்ணுங்க. 'நான் சொல்றது பொய்'னு உங்க மாதிரிப் பேச விரலுக்கு வராது. அதுக்குத் தெரிஞ்சது எண்ணிக்கை மட்டும். தன்னைப் பத்தித் தானே பேசிக்கற வியாதி வாய்க்குத்தான் உண்டு."

மேஷ்ட்ரு சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். சொன்னது யார் என்று எழுதியிருக்க மாட்டார். படித்தவர்கள் எழுத மாட்டார்கள்.

இதில் நான் முழுப் பெருமையையும் எடுத்துக்கொள்ள முடியாது. மேஷ்ட்ரு நோட்டில் எழுதிக்கொண்ட விஷயத்தை எனக்கு முதலில் காட்டியவள் என் பெண்டாட்டி. அவள் அந்தப் பாதி மூன்றாம் வகுப்பும் படிக்காதவள். கல்யாணமான புதிதில், சந்தையிலிருந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்த என்னிடம் கேட்டாள்.

"ஏனுங்க, நாள் முழுக்கப் பொய் சொல்லித்தான் சம்பாதிக்கறீங்களாமா? எங்கண்ணன் சொன்னாரு."

"அது சந்தையோட சரி புள்ளே. ஊட்டுக்குள்ள நான் பொய்யே சொல்ல மாட்டேன்."

அவள் சிரித்தாள். "இதையும் அந்த வாய்தானுங்களே சொல்லுது?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. என்ன பதில் சொன்னாலும் அந்த வாயால்தான் சொல்ல வேண்டும். சத்தியம் பண்ணினாலும் அதே வாய். அன்றைக்கு ராத்திரிச் சோறு முடிந்ததும் துண்டை விரித்து அவளுக்கு விரல் பாஷையைச் சொல்லிக்கொடுத்தேன். தரகர்கள் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. தெரிந்திருந்தால் என்னைச் சந்தையில் சேர்த்திருக்க மாட்டார்கள். நான் கொடுத்த வாக்கு இதுதான்: வாயை நீ நம்ப வேண்டாம், துண்டுக்கடியில் கேட்டால் பொய் கிடையாது.

அவள் அதைக் கண்டபடி செலவழிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஏழெட்டுத் தடவை கேட்டிருப்பாள். ஒருமுறை, ஒரு நாளைக்கு எத்தனை பீடி குடிக்கிறீர்கள் என்றாள். இரண்டு கை விரலும் தீர்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இன்னொருமுறை, தும்கூர்ப் பக்கம் இரண்டு மாசம் சந்தை சந்தையாகச் சுற்றிவிட்டு வந்தபோது, சாப்பாடு போடுவதற்கு முன்னாலேயே துண்டை எடுத்தாள். அங்கே எத்தனை பொம்பளைகள் என்பது கேள்வி. மூடிய கையைக் கொடுத்தேன். அதைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, போய் ரசம் கொண்டுவந்தாள். அதோடு சரி. அந்த விஷயத்தை அவள் திரும்ப எடுத்ததே இல்லை.

போன வருஷம் அவளுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறியது. வலது கண் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. இடது கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிகிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் சில மாசத்தில் அதுவும் போகும் என்றார் டாக்டர். செய்தால்? அதை அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடமும் என் மகனிடமும் சொன்னார். பார்வை நிற்பதற்கு இருபத்தைந்து பர்சென்ட்தான். அதாவது ரூபாய்க்கு நாலணா.

என் மகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறான். அவனைப் படிக்கவைத்தது நான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அவன் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்று ஒரு திட்டம் போட்டான்.

"அப்பா, அம்மாகிட்ட இது சாதாரணக் கண் பொரை ஆபரேஷன்னு சொல்லிடலாம். நூத்துக்கு நூறு சரியாயிடும்னு. நீங்களும் அதையே சொல்லணும். மாத்திச் சொல்லிக் கெடுத்துடாதீங்க."

"அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"தெரிஞ்சு ஏன் மாடோது, என்ன பண்ண முடியும்? பயந்துக்குவாங்க. நீங்க சும்னே இருங்க, பேசாம இருந்தாப் போதும். உங்களுக்குப் பொய் சொல்றது ஒண்ணும் கஷ்டமில்லையே? தொழிலே அதுதானே?"

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவனுடைய பள்ளிக்கூடம், காலேஜ், பைக், கல்யாணம் எல்லாம் அந்தத் தொழிலில் வந்தவை. பொய்யைப் பற்றி எதுவும் தெரியாதவனிடம் என்ன பேசுவது? தன் பொய் பொய் என்று எதிராளிக்குத் தெரியாது என்று நம்புகிறவன் சந்தையில் ஒரு நாள்கூடத் தாங்க மாட்டான்.

வீட்டுக்கு வந்ததும் ஹாலில் அவளைச் சோபாவில் உட்காரவைத்து மகன் கதையைச் சொன்னான். பொரையாம், சின்னதாக ஒரு கீறலாம், மறுநாளே வீட்டுக்கு வந்துவிடலாமாம். அடுத்த தெருவில்கூட யாரோ செய்துகொண்டார்களாம். அவன் அளவுக்கு மீறி விவரம் சொன்னான். பொய்யில் விவரம் கூடினால் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நீங்களும் கூட இருந்தீங்கல்ல? டாக்டர் அப்படித்தான் சொன்னாரா?"

"ஆமாம் புள்ளே. பொரைதான். பயப்படறதுக்கு ஒண்ணுமில்லை" என்றேன். சந்தையில் சொல்கிற மாதிரி, சத்தமாக.

அவள் கையை நீட்டித் தடவி, என் தோளிலிருந்த துண்டை எடுத்தாள். தன் கைமேலும் என் கைமேலும் போட்டாள். மகன் எதிரிலேயே நிற்கிறான். என் விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"ரூபாய்க்கு எத்தனையுங்க?"

ஐம்பது வருஷம் துண்டுக்கடியில் கைவிட்டவன் நான். ஹாசன் சந்தையில் மூன்று பேர் சேர்ந்து என்னை மடக்கப் பார்த்தபோதுகூட என் கை வியர்த்ததில்லை. அன்று வியர்த்தது. எட்டணா என்று கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. பாதிக்குப் பாதி. அவ்வளவு பெரிய பொய்கூட இல்லை. தைரியமாகப் போய்ப் படுத்துக்கொள்வாள்.

ஆனால் கண் போய்விட்டால்? அப்புறம் அவளுக்கு இருக்கப்போவது இருட்டும் என் விரலும்தான். இருட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு யோசிக்க நேரம் நிறைய. எட்டணா பொய் என்றால் தும்கூர் என்ன? அன்று ரசம் கொண்டுவருவதற்கு முன்னால் பிடித்துப் பார்த்த மூடிய கை என்ன? அன்றைக்கு நான் கொடுத்தது உண்மை. இன்றைக்கு ஒரு பொய்யைக் கொடுத்தால் அந்த உண்மையும் கெட்டுப்போகும். ஏழெட்டுக் கேள்விக்கும் நான் கொடுத்த அத்தனை விரலும் ஒரே நிமிஷத்தில் செல்லாமல் போய்விடும். அதற்குப் பிறகு, இல்லை, அதெல்லாம் நிஜம்தான் என்று அவளிடம் எதை வைத்துச் சொல்வேன்? இந்த வாயை வைத்தா?

நாலு விரலைக் கொடுத்தேன்.

அவள் பிடித்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். கட்டைவிரலைத் தேடிப் பார்த்தாள், அது மடங்கியிருந்தது. இன்னொரு தடவை எண்ணினாள். அப்போது பளிச்சென்று ஒரு வெளிச்சம். நிமிர்ந்தால், மகன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அப்பா, அம்மா கையைப் புடிச்சிட்டிருக்கீங்க! சக்கத்தா, சூப்பரா இருக்கு. குரூப்ல போடறேன்."

சொன்னபடியே குடும்பத்துக்கெல்லாம் அனுப்பினான். பெங்களூரிலிருந்தும் ராமாபுரத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் சிவப்பு இருதயமாக அனுப்பித் தள்ளினார்கள். அவன் அவ்வளவு பாடுபட்டு மறைத்த விஷயம் அவன் கண்ணெதிரே கை மாறிக்கொண்டிருந்தது. அதைப் போட்டோ வேறு பிடித்தான். இந்த மாதிரிப் புத்திசாலித்தனத்துக்கு மாசாமாசம் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அவள் துண்டை எடுத்து மடித்து என் தோளில் போட்டாள். மகனைப் பார்த்துச் சொன்னாள்: "பொரைதானாமா கண்ணு. அப்பாவே சொல்லிட்டாரு. நீ போய்ச் சாப்பிடு சாமி, மூஞ்சி வாடிக் கெடக்குது."

அவன் நிம்மதியாகச் சாப்பிடப் போனான். அம்மாவை நம்பவைத்துவிட்டோம் என்று அவனுக்குச் சந்தோஷம்.

அவன் போனதும் அவள் சொன்னாள்: "ஆப்ரேசன் பண்ணிக்கலாமுங்க. நாலணான்னா நாலணா. ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பார்க்கோணும்."

கோயில் குளம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

"நீங்க பொய் சொல்றதைப் பார்க்கோணும். இத்தனை வருசமாச் சோறு போட்டுது, ஒருநாளும் கண்ணுல பார்க்கலை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நஞ்சன்கூடு பக்கம் கூடுகிற மாட்டுச் சந்தைக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனேன். மூக்குக்கண்ணாடியோடு ஒரு கிழவி சேற்றில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பதை எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இப்போதைய தரகர்களைப் பார்க்கவே எனக்கு வயிறு எரிந்தது. விலையைப் போனில் அடித்துக் காட்டுகிறார்கள். பொய் சொல்லும்போதே எதிராளியிடமிருந்து கண்ணை எடுத்துவிடுகிறார்கள். நான் ஒரு பழைய ஆளைப் பிடித்து, எனக்குத் தேவையே இல்லாத ஒரு ஜோடிக்குப் பேரம் ஆரம்பித்தேன். அந்தக் காளைகளை வெள்ளாடு என்றேன், பூனை என்றேன். அவன் என் பாட்டனை இழுத்தான், நான் அவன் ஊரையே இழுத்தேன். கூட்டம் கூடிவிட்டது. துண்டுக்கடியில் ஒழுங்காகப் பேசி, ஒத்துவரவில்லை என்று மரியாதையாகப் பிரிந்தோம். அவள் பக்கத்தில் நின்று, இருக்கிற கால்வாசிக் கண்ணால் என் மூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படி?" என்றேன்.

"ஊட்டுலயும் இதே மூஞ்சிதானுங்க வெச்சிருக்கறீங்க" என்றாள். "துண்டு இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது."

நாலணாதான் என்று தெரிந்ததால் மிச்சமிருந்த இருபது நாளையும் அவள் அப்படித்தான் செலவழித்தாள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவேரியை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்த்தாள். பேரன் முகத்தை, அவன் நெளிய நெளிய, பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பொரை ஆபரேஷன் என்று நம்பியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்திருப்பாள்.

ஆபரேஷன் ஆனது. கட்டு அவிழ்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாள் ஆகும், பொறுங்கள் என்றார் டாக்டர். தினமும் காலையில் துண்டைப் போட்டு, எவ்வளவு தெரிகிறது என்று இப்போது நான் கேட்டேன், அவள் கொடுத்தாள். மூடிய கை. மறுநாளும் மூடிய கை. மூன்றாவது வாரத்தில் ஒரு விரல் வந்தது. ஜன்னல் இருக்கிற பக்கம் வெள்ளையாகத் தெரிகிறதாம். மகனோ தினமும், "பொரைன்னா கொஞ்சம் லேட்டாகும்மா, நார்மல்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். ராத்திரி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். அது எங்களுக்குக் கேட்காது என்றும் நினைத்துக்கொண்டான்.

டாக்டர் குறித்துக்கொடுத்த நாளில் கண்ணைக் காட்டப் போனோம். டாக்டர் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். நான் பக்கத்து ஸ்டூலில். மகன் சுவரோரம். துண்டு அவள் மடியில் எங்கள் கைமேல் கிடந்தது. கிழவன் கிழவி என்று டாக்டரும் விட்டுவிட்டார். ஒரு கை தூரத்தில் நின்று அவர் விரலைத் தூக்கிக் காட்டினார்.

"எத்தனை விரல்ம்மா?"

படித்து, பட்டம் வாங்கி, லட்சக்கணக்கில் மெஷின் வாங்கிவைத்து, கடைசியில் இவர்களும் வந்து நிற்கிற இடம் எங்கள் விரல்தான்.

அவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலீங்களே சாமி" என்றாள். "ஒரே இருட்டா இருக்குது."

மகன் சுவரைப் பிடித்துக்கொண்டான். துண்டுக்கடியில் அவள் என் கையில் இரண்டு விரலைப் பிடித்தாள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் தூக்கியிருந்தது இரண்டு.

"இப்போ?"

"இல்லீங்களே. இருட்டுத்தானுங்க."

உள்ளே நாலு. வெளியே டாக்டர் கையிலும் நாலு.

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, ஸ்டூல் ஆடுகிற மாதிரிச் சிரித்தேன். மகன் அழுகையோடு, "அப்பா! ஏனப்பா இது? உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினான்.

"முதல்ல ரெண்டு, அப்புறம் நாலுங்க டாக்டர்" என்றேன். "சரிதானுங்களா? அவதான் சொன்னா."

டாக்டர் தன் கையையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவள் மகன் நின்ற பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணரை மாசமா எங்கிட்டப் பொரைன்னு சொன்னியே கண்ணு, நான் அரை நிமிசம் சொல்லக் கூடாதா? இங்க வா. மூஞ்சியைக் கிட்டக் கொண்டா. சரியாத் தெரியலை, மங்கலாத்தான் இருக்குது. தாடி வெச்சிருக்கறியா நீ?"

ஒரு கண்ணில் பாதிப் பார்வை நின்றது. அவ்வளவுதான், அதற்குமேல் வராது என்றார் டாக்டர். போதும். மேஷ்ட்ருவிடம் நடந்ததைச் சொன்னேன். வாயால் பொய், கையால் நிஜம், ஒரே ஆள், ஒரே நேரம், இதற்கு உங்கள் புத்தகத்தில் என்ன பேர் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டு ஓடும் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

துண்டோடு எங்களை அன்றைக்கு எடுத்த போட்டோவை மகன் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். வருகிறவர்கள் எல்லோரும், இந்த வயதிலும் என்ன பிரியம் பாருங்கள் என்கிறார்கள். அவள் தினமும் அதன்கிட்டே போய், மூக்கு சட்டத்தின் கண்ணாடியில் இடிக்கிற தூரத்தில் நின்று பார்க்கிறாள். முகங்களைப் பார்ப்பதில்லை. துண்டு இருக்கிற இடத்தில் விரலை வைத்து, நாலு என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போகிறாள்.